தெருமுனை முள்ளும் சர்க்கார் செருப்பும்

எண்பதுகளில் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ். ஒரு வருடம் ஊருக்கும் காலனிக்கும் கலவரம் மூண்டு, காலனிக் குடிசைகள் எரிந்தன. காலனிக்காரர்கள் உள்ளே வரக் கூடாதென்று ஊர்த்தெரு முனையில் வேலமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். பள்ளிக்கூடமோ அந்தத் தெருவின் மறுகோடியில். பிள்ளைகளுக்கு வேறு வழி கிடையாது.

அதிகாரிகள் வந்து இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்தார்கள். படிப்பு வந்தால் பகை போய்விடும் என்று பேசினார்கள். டீ குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள். முள்ளை ஒதுக்கி ஓர் ஆள் நடக்க வழி விட்டதுதான் கண்ட பலன். பிள்ளைகளைக் கூட்டி வரும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தாலே பஞ்சாங்கம் தேடுகிறவள். இருந்தாலும் காலனிக்குப் போனேன். கருகிய சுவரில் புதுக் கீற்றுச் சாத்திக்கொண்டிருந்த ஒரு தாய் சொன்னாள்:

"அனுப்பறேன் டீச்சர். ஆனா அங்க ஒரு வார்த்த கெளம்பிச்சினா, அதோட சரி. மல்லாட்டக் கொல்லையில கடல பொறுக்கினாச்சும் உசுரோட இருக்கட்டும்."

அவள் மகள் இரண்டாம் வகுப்பு. மற்ற வீடுகள் இந்தத் தாயைப் பார்த்துத்தான் பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்தன. அந்தப் பெண் நின்றால் காலனிப் பிள்ளைகள் எல்லாருமே நின்றுவிடுவார்கள்.

மறுநாள் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கெல்லாம் சர்க்கார் கொடுத்த செருப்பு அவர்கள் காலிலும் இருந்தது. தெருமுனை வந்ததும் யாரும் சொல்லாமலே குனிந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஊர்த்தெருவில் காலனிக்காரர்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது; அங்கே அதுதான் வழக்கம். போட்டுக்கொள்ளுங்கள் என்று வாய்வரை வந்தது. சொன்னால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. சிதறிக் கிடந்த முள்ளில் காலை வைத்துவிட்டு அந்தச் சிறுமி நொண்டிக்கொண்டே வந்தாள்.

பகல் பழுதில்லாமல் போனது. வகுப்பு வாசலில் எல்லாப் பிள்ளைகளும் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் மணி அடித்ததும் அந்தக் குவியலில் பாய்ந்து, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அடுத்த நாள் காலை, ஊர்த்தெருப் பெண் ஒருத்தி மகனை இழுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். கையில் ஒற்றைச் செருப்பு.

"டீச்சர், இது யாருது? இவன் மாத்தி எடுத்துக்கினு வந்துட்டான்."

அந்தச் சிறுமி மெல்ல எழுந்து, தன்னிடமிருந்த அவனுடைய ஒற்றையைத் தரையில் வைத்தாள். காலனிப் பிள்ளையின் செருப்பு ராத்திரி முழுக்கத் தன் வீட்டு வாசலில் கிடந்தது அந்த அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் கறுத்துவிட்டது.

"ரெண்டும் ஒரே மாதிரிதானம்மா இருக்குது" என்றான் பையன்.

அவள் செருப்பை வெடுக்கென்று மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் ஆட்களோடு வருவாள் என்று எனக்குத் தோன்றியது. அன்று நான் போட்ட கூட்டல் கணக்கையெல்லாம் பிள்ளைகள்தான் திருத்தினார்கள்.

மாலையில் காலனிப் பிள்ளைகளோடு திரும்பினேன். எல்லார் கையிலும் செருப்பு. தெருமுனைக் கடைசி வீட்டு வாசலில் அந்தப் பையனின் அம்மா நின்றிருந்தாள். எதிரே நாலைந்து ஆண்கள் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏய் பொண்ணு, நில்லு!" என்று அவள் கத்தினாள்.

சிறுமி நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்றேன்.

"நீங்க நவுருங்க டீச்சர்" என்றவள், சிறுமியைப் பார்த்தாள். "நாங்க போட்ட முள்ளு இன்னும் கெடக்குது, கண்ணு தெரில? செருப்ப கையில வச்சிக்கினு என்னா பண்ணப் போற? கால்ல போடு."

ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் இடத்தைவிட்டு நகரவில்லை. சிறுமி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு முள்ளை மிதித்துப் போனாள்.

இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் காலனி முகப்பில் காத்து நின்றேன். சிறுமி வந்தாள், கூடவே அவள் தாயும். தெருமுனையில் தாய் வழக்கம்போலக் குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள். நிமிர்ந்தபோது மகள் காலில் செருப்போடு நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

கூப்பிடுவதற்கு வாயைத் திறந்த தாய், கூப்பிடவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையில் அவள் கழற்றிய செருப்பு அப்படியே இருந்தது.