பயிற்சிக்காக உண்டாக்கிய ஆள்

காவல்துறை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னல் இருந்தும் திறக்க முடியாத ஓர் அறையில் அவள் வேலை பார்த்தாள். கீழ்த்தளத்துக் காவலர்களுக்கு அவள் பெயரே மறந்துபோயிருந்தது. ‘டேட்டாக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட. சீருடை கிடையாது, லத்தி கிடையாது, யாரையும் விரட்டிப் பிடித்ததும் கிடையாது. ஊரில் நடக்கும் திருட்டு, அடிதடி, காணாமல் போன வண்டி எல்லாம் அவள் திரைக்கு வந்து சேரும். எந்தத் தெரு, எந்தக் கிழமை, எந்த மாதிரி ஆள் என்று பிரித்து, வரைபடத்தில் புள்ளி வைத்து, நாளைக்கு ரோந்து வண்டி எங்கே நிற்கலாம் என்று சொல்வாள். அவள் சொன்ன இடத்தில் போலீஸ் நிற்கும். யோசித்துப் பார்த்தால் அது கொஞ்சநஞ்ச அதிகாரமில்லை.

வீட்டில் அப்பா மட்டும்தான். வேலைக்காலம் முழுக்கப் பஸ் ஓட்டிய மனிதர், இப்போது நாற்காலியை விட்டு எழுந்தால் மூச்சு வாங்குகிறது. தம்பி ஒருவன் இருந்தான். ஒரு நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன், போனவன்தான். சண்டை இல்லை, காதல் கத்தரிக்காய் இல்லை, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அப்பா போலீசுக்குப் போனார். “வயசுப் பையன் பெரியவரே, நாலு இடம் சுத்திட்டுத் தானா வருவான்” என்று சொல்லி, புகாரை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவர் அலையாய் அலைந்ததுதான் மிச்சம். ஒரு காவலர்கூட ஒரு தெருவில் இறங்கித் தேடவில்லை. இது யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்ததல்ல. இந்த வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காரியமாக அந்தப் பழைய புகாரைத்தான் எடுத்துப் பார்த்தாள். ‘தகவல் ஏதுமில்லை’ என்று ஒரே வரி இருந்தது. அன்று அவளுக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

போன வருஷம் புது மென்பொருள் வந்தது. எங்கெங்கிருந்தோ வரும் தகவல்களைத் தானே கோத்து, இந்தத் திருட்டுக்கும் அந்த ஆளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கோடு போட்டுக் காட்டும். கற்றுக்கொடுக்க வந்தவர், “ஆளுக்கு ஒரு பொய் ஆளை உண்டாக்கிப் பழகுங்க, சாயங்காலம் அழிச்சிடுங்க” என்றார். அறை கலகலத்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் தன் மாமியாரைக் கடத்தல்காரி ஆக்கி, பழக்கங்கள் என்ற கட்டத்தில் ‘மருமகனை முறைப்பது’ என்று அடித்தார். அவள் என்ன செய்தாள் தெரியுமா? பெயர்: சின்னு. நல்ல உயரம், ஒல்லி. இடது புருவத்தின் குறுக்கே தழும்பு. இடது காலைச் சற்று இழுத்து நடப்பான். அத்தனையும் தம்பி. சின்னு என்பது அந்த வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர்.

மாலையில் எல்லாரும் அவரவர் பொய் ஆளை அழித்தார்கள். மாமியாரை அழித்தபோது கைதட்டல்கூட விழுந்தது. அவள் விரலை வைத்தாள், அழுத்த மனம் வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டாள். மறுநாள் ஆயிரம் வேலை. அந்தப் பதிவு அங்கேயே கிடந்தது.

பிறகு அந்தத் திருட்டுகள் ஆரம்பித்தன. வெளியூர் போனவர்களின் வீடுகளில், பூட்டு உடையாமல், நாய் குரைக்காமல் யாரோ புகுந்து போனார்கள். ஒரே ஒரு ஆள் பார்த்திருந்தான், ஒரு காவலாளி. ஒல்லியான உயரமான ஆள், புருவத்தில் வெட்டு என்று அவன் சொன்னான். மென்பொருள் ஊரையே சலித்து ஒரு கோடு போட்டது. கோட்டின் மறுமுனையில் சின்னு.

“யாரும்மா இந்தச் சின்னு? இத்தனை நாள் கண்ணுல படலையே” என்றார் இன்ஸ்பெக்டர், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி. கெட்டவர் இல்லை அவர். மேலிடத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி நொந்துபோனவர்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சுக்குள் எழுந்தது. அந்தக் காவலாளி பார்த்தது உண்மையிலேயே அவனாக இருந்தால்? தம்பி உயிரோடு இருக்கிறான் என்றல்லவா அர்த்தம்? திருடனாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று மாலையே சின்னுவின் அடையாளங்கள் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் போயின.

வெளியே ஆள் வைத்துத் துப்புச் சேகரிக்கிறவர் ஒருவர் இருந்தார். வெயிலோ மழையோ கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது, அதனால் குடைக்காரர். அடுத்த வாரம் அவர் மாடியேறி வந்து, “டேட்டாக்கா, சின்னுவைப் பஸ் ஸ்டாண்டுல பாத்திருக்காங்க, போட்டுக்குங்க” என்றார். வீட்டுக்குள் மட்டும் கேட்ட பெயர் முன்பின் தெரியாத மனிதரின் வாயிலிருந்து சர்வசாதாரணமாக விழுந்தது. அவள் புள்ளி வைத்தாள். இன்னொரு நாள் மார்க்கெட்டுக்குப் பின்னால். பிறகு ஆஸ்பத்திரி வாசலில். பிறகு பழைய தியேட்டர் பக்கம். புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்தது. அவன் மெல்ல மெல்ல, அவசரமே இல்லாமல், அவள் வீட்டுப் பக்கமாக வந்துகொண்டிருந்தான்.

சூட்சுமம் அவளுக்குத் தெரியாமலில்லை. புள்ளி விழும் இடத்துக்குப் போலீஸ் போகும். போலீஸ் போன இடத்தில் ‘சின்னுவைப் பாத்தியா’ என்று கேட்கும். கேட்டால் யாராவது பார்த்ததாகச் சொல்லத்தான் செய்வார்கள், உடனே அங்கே இன்னொரு புள்ளி விழும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுப்பவள் அவள். சொல்லிக்கொடுத்து என்ன, மனசு கேட்க வேண்டுமே.

அப்பாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு நாள் சாப்பிடும்போது தாங்காமல் சொல்லிவிட்டாள். “அவனை மாதிரி ஒருத்தனை அங்கங்க பாத்திருக்காங்கப்பா.”

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. “போலீஸ் தேடுதா? நம்ம சின்னுவையா?”

“ஆமாப்பா.”

எதற்காகத் தேடுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. அன்று முதல் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சில நாளில், “எதிர்ப்பக்கம் மரத்தடியில ஒருத்தன் நிக்கிறான்மா. நம்ம வீட்டையே பாக்கிறான்” என்றார். அவள் சிரித்து மழுப்பினாள். மறுநாள் மாலை வேலை முடிந்து தெருவில் திரும்பியபோது மரத்தடியில் நிஜமாகவே ஒருவன் நின்றான். ஒல்லி, நல்ல உயரம். கிட்டே போனாள். அவன் திரும்பினான்.

“டேட்டாக்கா, உங்க வீடு இந்தத் தெருவா?” என்று கேட்டான் சாதாரண உடையில் இருந்த காவலன். “சின்னு இந்தப் பக்கம் வருவான்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் என்னை இங்க நிறுத்திட்டாங்க.”

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தான் அனுப்பிய ஆளைப் பார்த்துத் தானே பயந்ததை நினைத்து அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அத்தோடு இது வெறும் மாயை என்று முடித்திருப்பாள். ஆனால் அதே வாரம் குடைக்காரர் இன்னொரு தகவல் கொண்டுவந்தார். முக்குத் தெருவில் துணி தேய்க்கிற அம்மாவிடம் ஒருவன் வந்து பேசினானாம். “அந்த ஆள் எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’ன்னுதான் ஆரம்பிப்பானாம் டேட்டாக்கா. ‘ஒண்ணுமில்ல, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா’ன்னு கேட்டிருக்கான். வினோதமான பிறவி.”

தம்பி அப்படித்தான். தலையில் இடி விழுந்தாலும் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் பேச்சை எடுப்பான். அதை அவள் பதிவில் அடிக்கவில்லை. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். எங்கேயும் இல்லை.

மறுநாளே அந்த அம்மாவிடம் போனாள். “தழும்பு இருந்துச்சாம்மா?”

“இருந்துச்சு.”

“காலை இழுத்து நடந்தானா?”

“ஆமா, பாவம்.”

தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. தம்பியிடம் இல்லவே இல்லாத ஒன்றைக் கேட்டாள். “காதுல கடுக்கன்?”

“ஆமாம்மா, பளிச்சுன்னு இருந்துச்சே” என்றாள் அந்த அம்மா, இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே.

எதைக் கேட்டாலும் ஆமாம். இந்தச் சாட்சியைக் குப்பையில் போட வேண்டும் என்று தொழில் புத்தி சொன்னது. அப்படியானால் அந்த ‘ஒண்ணுமில்ல’ எங்கிருந்து வந்தது? யாரும் கேட்காமலே அந்த அம்மா சொன்னதாயிற்றே. அவளால் அதை எங்கேயும் போட முடியவில்லை.

பிறகு ஒருநாள் மதியம் பக்கத்து மேசைக்காரர் ஓடி வந்தார். “சின்னு மாட்டிக்கிட்டான்!”

படியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. விசாரணை அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. உள்ளே பெஞ்சில் ஒருவன். புருவத்தில் தழும்பு இருந்தது. தாடை வேறு, காது வேறு, கண் வேறு. வயதும் அதிகம். சரக்குக் கிடங்கில் படுத்துக் கிடந்தவனாம், சொந்தம் என்று யாருமில்லை. தம்பி இல்லை.

“சின்னு” என்று கூப்பிட்டுக்கொண்டே இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார். அவன் உடனே திரும்பினான். அந்தப் பெயர் பிறந்ததிலிருந்து தன்னுடையது என்பதுபோலத் திரும்பினான்.

“உங்க பேரு என்னங்க?” என்று கேட்டாள்.

“சின்னுதாம்மா” என்றான் அவன். உதடு வீங்கியிருந்தது. “எல்லாம் நான்தான் பண்ணேன். எழுதிக்குங்கம்மா.”

அவள் இன்ஸ்பெக்டரை வராந்தாவுக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். பயிற்சி நாள், தம்பி, அழிக்காமல் விட்டது, வாயைத் திறக்காமல் இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“தெரிஞ்சுதான் பேசுறீங்களா? உங்க வேலை என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன் சார்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “இவனை விட்டுடறேன். ஆள் மாறிப்போச்சுன்னு எழுதிக்கிறேன். பதிவு அப்படியே இருக்கட்டும். எனக்கும் மேல பதில் சொல்ல வேண்டாம், உங்க வேலையும் நிக்கும். உங்க தம்பியையும் ஊரே தேடிக்கிட்டு இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?”

அவளுக்குச் சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. கடவுளே, எவ்வளவு ஆசையாக வந்தது! எங்கோ ஒருவன் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லித் தண்ணீர் கேட்டிருக்கிறான். ஒருவேளை அவனேதான். ஒருவேளை அடுத்த வாரம் கிடைத்துவிடுவான். உள்ளே பெஞ்சில் இருந்தவன் வீங்கிய உதட்டைப் புறங்கையால் ஒற்றிக்கொண்டிருந்தான். பதிவு இருக்கிறவரை புருவத்தில் வெட்டுள்ள எவனும் சின்னு ஆகலாம்.

“அழிச்சிடணும் சார்” என்றாள். “நானே அழிக்கிறேன்.”

மாடிக்குப் போய்ப் பதிவைத் திறந்தாள். வரைபடம் முழுக்க அவன் புள்ளிகள். அழித்தாள். புள்ளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டன. ‘மேற்படி நபர் என்று எவரும் இல்லை’ என்று எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள். கிடங்குக்காரனை மாலையில் வெளியே விட்டார்கள். வாசலில் யாரோ பழக்கதோஷத்தில் சின்னு என்று கூப்பிட, அவன் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனானாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். யாரும் அவனைப் பார்க்கவில்லை, எல்லாம் நான் எழுதியதிலிருந்து முளைத்தது, இன்றைக்கு அழித்துவிட்டேன் என்றாள். ‘ஒண்ணுமில்ல’வையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தடி காலியாக இருந்தது.

“அப்போ இனிமே அவனை யாரும் தேட மாட்டாங்களாம்மா?” என்று கேட்டார்.

அவள் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் எடுத்து வந்தாள்.

“திருடனாவே இருந்துட்டுப் போயிருக்கலாமே” என்றார் அப்பா. “தேடிக்கிட்டாவது இருந்திருப்பாங்க.”