சீட்டில் இல்லாத பெயர்

கலப்பினம் செய்த கதிரில் கட்டும் சீட்டில், செய்தவரின் பெயர் இருக்க வேண்டும். ஊரில், விதை நிலையத்தில் முப்பது வருடம் நான் காத்த விதி இது.

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், எங்கள் மாடியில் குடியிருந்த தமிழ்த் துப்புரவுப் பணிப்பெண், தான் வேலை செய்யும் கோதுமை ஆய்வுக்கூடத்துக்கு ஒருநாள் என்னைக் கூட்டிப் போனார். அங்கே கண்ணாடிக்கூடத்தில் அவரே இடுக்கியால் கோதுமைப் பூவின் மகரந்தப் பைகளை அகற்றி, காட்டுப்புல்லின் மகரந்தத்தைத் தூவினார். அதிர்ந்துபோனேன். என்னிடம் வேலை பழகிய ஒருவருக்கும் அந்தக் கை வாய்த்ததில்லை. இடுக்கி பூவைத் தொட்டதும் மூச்சை அடக்குவார். கதைத்துக்கொண்டிருந்த வசனமும் பாதியில் நிற்கும்.

அவர் செய்த கதிர்களின் எல்லாச் சீட்டுகளிலும் மேலதிகாரியின் பெயர்.

"பிள்ளை, உம்மடை பேர் எங்கை?"

"என்ரை பேர் விளக்குமாத்திலை இருக்கு ஐயா," என்று சிரித்தார். "எழுதிக் கிழுதிப் போடாதேங்கோ. இந்தப் பூக்களோடை இருந்தால் எனக்குக் காணும்."

நான் ஆய்வுக்கூட நிர்வாகத்துக்கு எழுதினேன், அவருக்குச் சொல்லாமல், விதியை எடுத்துக்காட்டி.

பதில் மிக மரியாதையானது. விதிமீறலைச் சுட்டியதற்கு நன்றி. இனித் துப்புரவுப் பணியாளர் எவரும் செடிகளைத் தொட அனுமதியில்லை. இரண்டாம் முறை வாசித்தேன், அப்படியேதான் இருந்தது.

அவரிடம் காட்டினேன்.

"ஓம் ஐயா, நீங்கள் முறைப்படிதானே செய்தனீங்கள்," என்றார். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதில் வந்தது ஏப்ரல் மூன்றாம் திகதி. ஆய்வுக்கூட வயலில் கோதுமை அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தது.