மாமன் வண்டியில் மச்சான் எஞ்சின்

போன வாரம் மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கப் போயிருந்தேன். ஷோரூம் பையன் வண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்கு நேரே செல்போனைக் காட்டினான். எஞ்சின் நம்பர் பில்லில் ஏறிவிட்டது. நானோ பழக்கதோஷத்தில் முட்டி போட்டு எஞ்சினுக்கு அடியில் தலையை விட்டிருந்தேன். "மேடம், ஏதாவது விழுந்துடுச்சா?" என்றான்.

கடலூரில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்சியில்தான் என் முதல் வேலை. இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் என்று வையுங்களேன். பாலிசி காலாவதியான வண்டிக்குப் புதுசு போட, நேரில் போய் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய்த் துணியால் சேற்றைத் துடைத்து, குத்தியிருக்கும் எழுத்துகள் மேல் பென்சிலைத் தேய்த்து, செலோடேப்பை ஒட்டி உரித்தால் நம்பர் அதோடு வந்துவிடும். அந்த மண்ணெண்ணெய் வாடை அம்மாவுக்கு ஆகாது. "இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைன்னு கோயில் பூசைக்கு வந்த அத்தன பேருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். நீ பஞ்சர் கடையிலேர்ந்து வர்ற மாதிரி வந்து நிக்குற!"

எனக்கோ பெருமை தாங்காது. பழைய டிராக்டர்களில் நம்பருக்கு நடுவே இருக்கும் ஓர் எழுத்து, அது எந்த வருஷத்து எஞ்சின் என்று சொல்லிவிடும். அதைப் படிக்கக் கற்றதிலிருந்து கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் டிராக்டரைக்கூட விட்டதில்லை. குனிந்து பார்த்து வயசைச் சொல்வேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தத் திமிரோடுதான் நெல்லிக்குப்பம் பக்கம் தனபால் என்பவர் வீட்டுக்குப் போனேன். கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது. பாலிசி இல்லாமல் ஆலைக்கு லோடு ஓட்ட முடியாது. பிரிண்ட் எடுத்தால், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பரே இல்லை. எழுத்தைப் படித்தேன். "வண்டி எண்பத்திரண்டு மாடல் சார். எஞ்சின் எண்பத்தாறு."

"ஏம்மா, ஒடம்புக்கு ஒரு வயசு, நெஞ்சுக்கு ஒரு வயசா? நல்லாப் பாரு."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி செல்வி நிமிர்ந்தார். "எண்பத்தாறு எந்தம்பி வண்டியாச்சே!"

தனபால் முகம் கறுத்துவிட்டது. செல்வியின் தம்பி கலியபெருமாள் அடுத்த வீடு. ஒரு வரப்புத் தகராறில் மாமனும் மச்சானும் வருஷக்கணக்காகப் பேசிக்கொள்வதில்லை. மற்றவர் டிராக்டரைத் திட்டுவதோடு சரி. "அந்த ஓட்ட எஞ்சினு இருமுற இருமல்ல மாடு பால் கறக்க மாட்டேங்குது" என்று இவர் வேலிக்கு இந்தப் பக்கம் கத்துவார். "சில பேரு எஞ்சின் பொகையில எங்க வீட்டுத் துணி வெளுக்கவே மாட்டேங்குது" என்பார் அவர், அந்தப் பக்கம்.

செல்வி என் கையைப் பிடித்து வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார். கலியபெருமாள் வண்டியில் பிரிண்ட் எடுத்தேன். தனபால் புத்தகத்து நம்பர், ஓர் எழுத்துப் பிசகாமல் அங்கே இருந்தது. ஆக, இத்தனை வருஷமும் இரண்டு பேரும் அவரவர் எஞ்சினைத்தான் திட்டியிருக்கிறார்கள். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பொத்திக்கொள்ளத் தோன்றவில்லை. வேலிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று இருவரும் நான்தான் மாற்றி வைத்தது போல முறைத்தார்கள்.

எஞ்சின் வேலை செய்தவரிடம் எழுதி வாங்கினால்தான் பாலிசி என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். சண்டைக்கு முன்னால் இரண்டு வண்டியும் ஒன்றாகப் போயிருந்தது சிதம்பரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு. பஸ் ஏறினோம். மாமன் முன் சீட், மச்சான் கடைசி சீட், நான் நடுவில்.

மெக்கானிக் அசரவே இல்லை. "ரெண்டும் செவப்பு வண்டி. ரெண்டும் பிரிச்சுக் கெடந்துச்சு. அப்போ நீங்க ரெண்டு பேரும் ஒரே பொட்டலத்துல சாப்புட்டுகிட்டு இருந்தீங்க. எது யாருதுன்னு நான் எதுக்குப் பாக்கப்போறேன்?"

தனபால் தொண்டையைச் செருமினார். "மச்சான், டீ குடிக்கிறியா?"

கலியபெருமாள் என் பக்கம் திரும்பினார். "குடிக்கிறேன்னு சொல்லும்மா."

எஞ்சினைத் திரும்ப மாற்றிக்கொள்ள இருவருமே சம்மதிக்கவில்லை. புத்தகத்தில் நம்பரை மட்டும் திருத்திக்கொண்டார்கள். ஆனால் கலியபெருமாள் தினமும் காலையில் அக்கா வீட்டுக் கொட்டகையில் ஆஜர். "என் எஞ்சினு. எண்ணெ இருக்கான்னு பாக்கக் கூடாதா?" பார்ப்பார். அப்புறம் அக்கா கையால் காபி.

பிறகு இரண்டு டிராக்டர்களும் அடுத்தடுத்துப் பழைய இரும்புக்குப் போயின. அதன்பிறகும் மனிதர் வந்து, தரையில் இருந்த எண்ணெய்க் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காபிக்கு உட்காருவாராம். இப்போது கொட்டகையும் இல்லை. தனபாலின் மகன் அங்கே வீடு கட்டி, கறை மேல் வழவழவென்று டைல்ஸ் போட்டுவிட்டான். கலியபெருமாள் செருப்பை வெளியே விட்டு, காலிங்பெல் அடித்துத்தான் உள்ளே போகிறாராம்.