உள்ளே விடும் துணி

கடையில் எல்லோருக்கும் அவள் கத்திரியக்கா. பெண்களுக்கான தையல்கடையில் பதினாறு வருடமாகத் துணி வெட்டுகிறாள். யாருக்குச் சட்டை வெட்டினாலும் ஓரத்தில் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு உள்ளே மடிக்கச் சொல்வாள். "இன்னைக்கு இருக்கிற உடம்பா நாளைக்கு இருக்கப் போகுது? பிரிச்சு விட துணி வேணாமா?" என்பாள். வம்புக்கென்றே வருகிற வாடிக்கைக்காரிகள்கூட அதற்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அவளுடைய சட்டைகளில் மட்டும் இடது பக்கம் உள்ளே ஒரு பை இருக்கும். ஏழு வயதில் கொதிக்கிற தண்ணீர் கொட்டி அந்தப் பக்கம் வெந்துபோனது. வலது மார்பு வளர்ந்தது, இடது வளரவே இல்லை. பஞ்சில் திண்டு தைத்து அந்தப் பைக்குள் செருகிக்கொண்டு, ஈ காக்கைக்குத் தெரியாமல் காலத்தைத் தள்ளினாள். பேருந்து ஓட்டும் கணவனுக்கு மட்டும் தெரியும். அவன் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை. அவன் நினைக்காமல் இருந்தது அவளுக்குப் போதவில்லை. ஒருநாளாவது கண்ணாடிக்கு முதுகைக் காட்டாமல் உடை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஆபரேஷன் செய்து மார்பு வைத்துக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். சிலிக்கான் வைக்கலாம், உப்புநீர்ப் பையும் வைக்கலாம். எதை வைத்தாலும் ஆயுசுக்கும் நிற்கும் என்று சொல்ல முடியாது, பின்னால் மாற்ற வேண்டிவரலாம்.

"ஆனா உங்களுக்குத் தோல் பத்தாதும்மா. வெந்த தழும்பு இழுபடாது. முதல்ல உள்ள ஒரு பலூன் வெச்சு, வாராவாரம் கொஞ்சங்கொஞ்சமா தண்ணி ஏத்தி, தோலை விரிய வைக்கணும். நாலு மாசம் ஆகும். அப்புறம் சிலிக்கான் வைக்கலாம்."

"இன்னும் நாலு மாசம் என்னால முடியாது டாக்டர். ஒரே தடவையா வெச்சிடுங்க."

"இழுத்துப் பிடிச்சுத் தைக்கணும். தையல் விட்டாலும் விட்டுடும்."

"பரவாயில்லை, தைங்க."

அரை மீட்டர் துணியைக் கொண்டுவந்து முழுக்கைச் சட்டை கேட்கிறவர்களை ஓட ஓட விரட்டுகிறவள், தானே அப்படிப் போய் நின்றாள். ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்தினம் எல்லாச் சட்டைகளிலும் பையைப் பிரித்தெடுத்து, உள்ளே மடித்த துணியையும் வெட்டிவிட்டு, உடம்பை ஒட்டித் தைத்தாள். திண்டுகளைக் குப்பையில் போட்டாள். அன்றைக்கு அவள் பாட்டுப் பாடினாள் என்று கணவன் பிறகு சொன்னான்.

ஆபரேஷனுக்குப் பிறகு மல்லாந்தே படுத்தாள். இறுக்கமான உள்ளாடையைக் கழற்றவில்லை. ஆறு வாரம் கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது என்றார்கள். தலையைக்கூடக் கணவன்தான் வாரிவிட்டான். மூன்றாவது வாரம் தையலோரம் சிவந்தது. பிறகு ஓர் இடத்தில் வாய் பிளந்து நீர் கசிந்தது. காய்ச்சல் கண்டது.

"எடுத்துடணும்மா," என்றாள் டாக்டரம்மா.

"மருந்து போட்டுப் பாருங்க டாக்டர். மறுபடி தைச்சுப் பாருங்க. உங்க கால்ல விழறேன்."

"தைக்கத் தோல் இல்லைம்மா. ஆறட்டும். ஆறு மாசம் கழிச்சுப் பலூன்ல இருந்து ஆரம்பிக்கலாம்."

எடுத்துவிட்டார்கள். முன்பு தழும்பு மட்டும் இருந்த இடத்தில் இப்போது பள்ளமும் விழுந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் சட்டைகளைக் கட்டிலில் பரப்பிப் போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எதிலும் பை இல்லை, பிரிப்பதற்குத் துணியும் இல்லை. செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

கணவன் சீருடைச் சட்டைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். அவளுடைய பழைய திண்டு.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "அப்போ உள்ள வெச்சது நிக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்?"

"சத்தியமா தெரியாது. ஊருக்கெல்லாம் உள்ள துணி விட்டுத் தைக்கிறவ. உன் சட்டைக்கு மட்டும் விடாம தைச்சுட்டு இருந்த. அதைப் பார்த்ததும் பயமாயிடுச்சு. குப்பையில இருந்து ஒண்ணை எடுத்து வெச்சேன்."

அவள் திண்டை மடியில் இறுக்கிக்கொண்டு அழுதாள். கையைத் தூக்க முடியாததால் கண்ணைக்கூட அவன்தான் துடைத்துவிட்டான்.