சிவப்புக்கு ஆகாத அட்டை

எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. சொல்ல வேண்டியதைச் சுற்றிச் சுற்றி வருவேன். அதற்குள் கை எதையாவது செய்து தொலைக்கும். அந்த ஆடி மாதம் கை செய்து தொலைத்தது ஓர் அட்டை.

தேனியில் ஓர் அச்சகத்தில் எனக்கு டிசைன் வேலை. கல்யாணப் பத்திரிகை, ஏலக்காய்ப் பெட்டிக்கு லேபிள், இப்படி. கல்லூரி விடுதியில் பிடித்த ஒரு பைத்தியம் கல்யாணத்துக்குப் பிறகும் என்னை விடவில்லை. ஐந்து நிற அட்டைகளை வைத்துக்கொண்டு இரண்டு பேர் மோதும் ஆட்டம் அது. என் நாத்தனாருக்குக் கற்றுக்கொடுத்தேன். "வீட்டுக்குள்ளயே சீட்டாடுறாளுக" என்று மாமியார் ஒரு வாரம் புலம்பிவிட்டு ஓய்ந்தார்.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம் உண்டு. நீலம் எதிராளியின் அட்டையைத் தடுக்கும். வெள்ளை, இழந்த உயிர்ப் புள்ளிகளைக் கூட்டும். சிவப்பு இறங்கிய சுற்றிலேயே பாய்ந்து அடிக்கும், ஆனால் ஒரு காயத்தையும் ஆற்றாது. நான் எப்போதும் நீலம், அவள் எப்போதும் சிவப்பு.

வாங்கிய அட்டைகள் அலுத்துப்போய் நானே செய்ய ஆரம்பித்தேன். நிறத்தின் விதியைக் கொஞ்சம் வளைப்பதில்தான் ருசி. அச்சகத்தில் மிஞ்சும் ஆர்ட் போர்டில் அடித்து, மூலைகளை உருட்டி வெட்டிக் கொண்டுவருவேன். செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்வது நாத்தனார். அவள் வைத்த சட்டம் இதுதான்: ஒரு நிறம் தன் குணத்தை மீறினால் எதையாவது இழக்க வேண்டும், இழந்தவருக்கே பலனும் வர வேண்டும். பச்சை அட்டை ஒன்று நீலம்போலத் தடுக்க வேண்டுமா, ஆடுபவர் தன் நில அட்டைகளில் ஒன்றை விடட்டும். அப்படியென்றால் செல்லும்.

அந்த ஆடியில்தான் அவளுக்குக் குமுளியில் வேலை கிடைத்தது. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் இருந்தவள். மலையாளமும் பேசுவாள் என்று ஏற்றுமதி செய்கிறவர்கள் கூப்பிட்டார்கள். அங்கேயே தங்க வேண்டும். கூடலூரைத் தாண்டினால் குமுளி, என்ன பெரிய தூரம்? ஆனால் வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் என்னை அடுப்படிக்குள் இழுத்தார்.

"நீ சொன்னாத்தான் கேப்பா. ஊரு என்ன பேசும்னு சொல்லு. உங்க மாமாவும் அதத்தான் சொன்னாக."

யோசிக்காமல் சரி என்றேன். ஊர் என்ன பேசினால் எனக்கென்ன? அவள் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கென்று ஓர் ஆள் இல்லை. என் கணவர் நல்லவர்தான். அட்டையைக் காட்டினால் கொட்டாவி விடுவார். இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அட்டை செய்ய உட்கார்ந்தேன்.

பத்து நாள் இருப்புக்கொள்ளவில்லை. படத்தை மாற்றினேன், எழுத்தைப் பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை இரண்டு முறை அடித்துவைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெளியே காற்று வேறு, கதவு ஜன்னலையெல்லாம் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அட்டைகள் பறக்காமலிருக்க ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். புது அட்டையை நீட்டினேன். சிவப்பு அட்டை. சிவப்புச் சேலையில் ஒருத்தி வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பாள். கீழே: 'இவள் தாக்க மாட்டாள். இவள் இருக்கும் வரை, ஒவ்வொரு சுற்றிலும் இருவருக்கும் இரண்டு உயிர் கூடும்.'

அவள் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"பாய்ச்சல விடுறது நானு. உயிரு ஒங்களுக்கும் கூடுது. யாருக்காகச் செஞ்சீங்க மதினி இத?"

"சும்மா, ஒரு சோதனைக்கு..."

"செல்லாது." அட்டையை என் பக்கம் தள்ளினாள். "சிவப்புக்கு இதெல்லாம் வராதுன்னுதான் நான் சிவப்பு ஆடுறேன். ஒங்களுக்குத் தெரியும்ல? அம்மா சொல்லச் சொன்னாகளா?"

ஆமாம் என்றிருந்தால் தப்பித்திருப்பேன். பாதி உண்மையும்கூட. மாமியார் அடுப்படி வாசலில் வந்து நிற்பது தெரிந்தது.

"சொன்னாக. ஆனா இது நானாச் செஞ்சது. நீ போகக் கூடாதுன்னு நெனச்சேன். நீ போயிட்டா இந்த வீட்ல நான் தனியாயிருவேன்."

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதில் ஒருத்தியைப் பிடித்துவைக்க அட்டையா செய்வார்கள்? என் மேலேயே எரிச்சல் வந்தது.

மாமியார் என்னை முறைத்தார். "ஊர வச்சுல்ல சொல்லச் சொன்னேன்?"

"ஊரு ஒண்ணும் பேசல அத்தை."

அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். ஈரமில்லாத கையை வெகுநேரம் துடைத்தார். பிறகு மகளைப் பார்த்து, "எனக்கும் அதேதாண்டி" என்றார்.

எதற்கும் வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கும் நாத்தனார் கலைந்து கிடந்த அட்டைகளைத் திரட்டினாள். அடுக்கினாள், மறுபடி அடுக்கினாள்.

"நாளைக்குச் சேரச் சொல்லிருக்காக," என்றாள் கடைசியில், எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல். "காலைல ஆறு மணி பஸ்ஸுக்குக் கெளம்புறேன்."