காதுக்குக் கேட்காத தூரம்

தினமும் காலை ஆறு மணி வாக்கில் என் போன் இரண்டு முறை அடித்து நின்றுவிடும். திரையில் ஆரோக்கியசாமி என்று பெயர் வரும். நான் எடுக்க மாட்டேன். எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கொஞ்சம் பொறுத்து நான் அவருக்கு இரண்டு முறை அடித்துவிட்டு நிறுத்துவேன். இருக்கிறீர்களா, இருக்கிறேன், நானும் இருக்கிறேன். அவ்வளவுதான் அதன் பொருள். அது முடிந்தால்தான் எனக்குக் காபி இறங்கும்.

ஐப்பசியில் ஒரு மழைக் காலையில் போன் அடித்தது. இரண்டு முறை அடித்தது, நிற்கவில்லை. கையில் பால் பாத்திரத்தோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்த மறந்துவிட்டாரா மனுஷன் என்று நினைத்தேன். அது அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. அப்போதும் சட்டத்தை மீறக் கை வரவில்லை. கடைசியில் எடுத்தேன். தீபாவளி லீவுக்கு வந்திருந்த அவருடைய மகள் பேசினாள். "அங்கிள், அப்பா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனதை வெகு நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

நம் காப்பீட்டு அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் அவரைப் பேசாத மனிதராகத்தான் நினைவில் வைத்திருப்பீர்கள். கல்லுளிமங்கன் என்று நாம்தானே பேர் வைத்தோம். நான் அதற்கு நேர் எதிர். என் வாய்க்குப் பயந்து கேண்டீனில் மேஜை மாறி உட்கார்ந்தவர்கள் உங்களில் உண்டு; பெயர் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நானும் அவரும் எப்படி ஒட்டினோம் என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். கோடியக்கரைதான் காரணம்.

பொங்கல் முடிந்த வாரம் கோடியக்கரைச் சரணாலயத்துக்குப் போவது அவருடைய வழக்கம். முதலில் ஐந்து பேர் சேர்ந்து போனோம். தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று பஸ் மாறி மாறி இடுப்பு ஒடிந்து போய்ச் சேருவோம். ஓய்வு விடுதி வளாகத்தில் அனுமதி வாங்கிக் கூடாரம் போடுவோம். கூடாரம் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். காந்தி மார்க்கெட் பக்கம் தார்பாய் வாங்கி, தையற்காரரிடம் கொடுத்துத் தைத்தது. முதல் வருடம் அதற்குள் படுத்தவர்கள் எல்லோருக்கும் மறுநாள் தார் நாற்றம் போகவில்லை. என் மனைவி வைதேகி கட்டிக் கொடுத்த புளியோதரைகூடத் தார் வாசனை அடித்தது. எல்லோரும் குறை சொன்னோம். அவர் மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

விடிந்ததும் நடை. பாலை மரங்களுக்கு நடுவே காட்டு வழியில் போனால் வெளிமான்கள் தலை தூக்கிப் பார்க்கும். அந்தக் காட்டிலேயே திரியும் குதிரைகள் நம்மைச் சட்டைசெய்யாமல் மேய்ந்துகொண்டிருக்கும். காடு முடிந்து கடற்கரை வந்தவுடன் ஆரோக்கியசாமி சட்டம் போட ஆரம்பிப்பார். சேர்ந்து நடக்கக் கூடாது. இடைவெளி விட்டுத்தான் நடக்க வேண்டும். "கண்ணுக்குத் தெரியணும், காதுக்குக் கேக்கக் கூடாது. கடற்கரைக்கு அதான் சார் சரியான தூரம்" என்பார். முன்னால் போகிறவர் அவ்வப்போது நின்று திரும்பித் துண்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் பதிலுக்குத் தூக்க வேண்டும். மறுபடி நடக்க வேண்டும். எனக்கு எரிச்சல் வரும். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது நாலு பேரோடு பேசிக்கொண்டு நடக்கத்தானே என்று சண்டை போட்டேன். "ஆபீஸ்ல பேசாத எதை சார் புதுசா இங்க பேசப் போறோம்?" என்றார்.

வருடங்கள் போகப் போக ஆள் குறைந்தது. ஒருவருக்கு மாற்றல் வந்தது, ஒருவர் மகனோடு வெளிநாடு போனார், ஒருவருக்கு மணலில் நடக்க டாக்டர் தடை போட்டார். கடைசியில் நாங்கள் இருவர்தான். அவர் முன்னால் போவார். நான் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே போவேன். பூநாரைக் கூட்டம் தெரிந்தால் கையை நீட்டிக் காட்டுவார். அதுதான் எங்கள் பேச்சு.

வைதேகி இறந்த வருடம் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். குழந்தைகள் கிடையாது எங்களுக்கு. ஸ்ரீரங்கத்து வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும்தான். ஆரோக்கியசாமி நேரில் வந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "தார்பாயைத் தூக்க ஒரு ஆள் வேணும் சார்" என்றார். கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் போனேன்.

அந்த முறை கடற்கரை வந்ததும் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டார். "வலிக்குது சார். இந்தத் தடவை நீங்க முன்னாடி போங்க. நான் மெதுவா பின்னாடி வரேன்." நான் நடந்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். என் மனதில் என்ன ஓடியது என்று முழுக்கச் சொல்ல மாட்டேன். வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அதில் இல்லை. சட்டம் ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தேன். அவருடைய துண்டு ஏற்கெனவே மேலே இருந்தது. நான் எப்போது திரும்புவேன் என்று தூக்கியபடியே வந்திருக்கிறார். நானும் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச தூரம் நடந்து மறுபடி திரும்பினேன். அப்போதும் துண்டு மேலேதான் இருந்தது. அன்றைக்கு நான் முன்னால் பார்த்து நடந்ததைவிடத் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம். அதற்குப் பிறகு எல்லா வருடமும் அவருக்கு முட்டி வலித்தது. நான்தான் முன்னால் நடந்தேன்.

அந்த முறை ஊர் திரும்பி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பிரியும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "எனக்கு சுகர் இருக்கு சார். தூக்கத்துல இறங்கிடுச்சுன்னா எழுந்திரிப்பேனான்னே தெரியாது. காலையில உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன். வரலைன்னா கொஞ்சம் என்னன்னு பாருங்க. நீங்களும் ஒண்ணு குடுத்துருங்க, வந்துச்சான்னு எனக்குத் தெரியணுமில்ல." உங்கள் வீட்டில்தான் அம்மா, தங்கை குடும்பம், பிள்ளைகள் என்று இத்தனை பேர் இருக்கிறார்களே என்றேன். "அவங்கல்லாம் தூங்கிட்டு இருப்பாங்க" என்றார். நான் நம்பினேன். ஒரு மனிதருடைய உயிருக்குக் காவலாக நியமிக்கப்பட்டவன் என்ற மிதப்பில் வீடு வந்து சேர்ந்தேன். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் போனை எடுத்து ஹலோ சொல்லிவிட்டேன். "எதுக்கு சார் எடுத்தீங்க? கெட்ட பழக்கம்" என்று வைத்துவிட்டார்.

இன்னொரு நாள், காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வெயில் ஏறும்வரை தூங்கிவிட்டேன். கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால் ஆரோக்கியசாமி நிற்கிறார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கையில் ஒரு பை கத்திரிக்காய். "காந்தி மார்க்கெட்டுல நல்லா இருந்துச்சு சார். அப்படியே ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறிட்டேன்" என்றார். காய்ச்சல்காரனை எழுப்பிக் கத்திரிக்காய் கொடுக்கிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்று திட்டினேன். காபி குடித்துவிட்டுப் போனார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மேலப்புதூரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய அம்மா காலமாகி, தங்கை குடும்பம் தனிக்குடித்தனம் போய் வெகு நாளாயிற்று. மகள் பெங்களூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் மனைவி மேரியிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று, "சுகரை இத்தனை வருஷம் நல்லாத்தான் சமாளிச்சாரு" என்றேன்.

மேரி நிமிர்ந்து பார்த்தார். "சுகரா? யாருக்குண்ணே? கல்யாண வீட்டுல ஜாங்கிரியை மறுதடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாரு. ஒண்ணும் செய்யாது. இது மாரடைப்புன்னுல்ல டாக்டர் சொன்னாரு."

"முட்டி வலி இருந்துச்சே?"

"அவருக்கா? கடைசி நாள் வரைக்கும் மாடிப்படியை ரெண்டு ரெண்டாத்தான் ஏறினாரு."

மேரி மேலும் சொன்னார். "உங்க மிஸ்டு கால் வந்தாத்தான்ணே காபியைத் தொடுவாரு. ஒரு நாள் வரவேயில்ல. கிடைச்ச சட்டையை மாட்டிக்கிட்டு ஓடுனாரு. திரும்பி வந்து, தூங்கிட்டு இருக்காருடி மனுசன்னு சொல்லிட்டு, இதோ இந்த நாற்காலியில உக்காந்து அழுதாரு. சும்மா போனா நல்லா இருக்காதேன்னு உங்க தெருமுனையில தள்ளுவண்டியில கத்திரிக்காய் வாங்கினாராம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவர் அத்தனை வருடம் மறைத்தார். ஊரெல்லாம் வாயாடி என்று பெயர் வாங்கிய நான் அத்தனை வருடமும் அதைச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டிருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

கிளம்பும்போது மேரியிடம் தை மாதம் கோடியக்கரை போகப் போவதாகச் சொன்னேன். "ஒத்தையிலயா? எதுக்குண்ணே?" என்றார். மகளுடைய பெட்டி வாசலில் இருந்தது. வீடு அதற்குள்ளேயே காலியாகத் தெரிந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்ச நாளா தலை சுத்துதும்மா. காலையில எழுந்தேனான்னு யாராவது ஒருத்தர் விசாரிச்சா தேவலை" என்றேன். மேரி என்னையே பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அவரு அளவுக்கு உங்களுக்குப் பொய் சொல்ல வரலைண்ணே" என்றார். சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

போனேன். தார்பாயைத் தனியாகத் தூக்க முடியவில்லை. விடுதி அறையிலேயே தங்கினேன். சாயங்காலம் கடற்கரைக்கு நடக்கும்போது வழியில் நின்ற வனக்காவலர் எங்களைப் பல வருடமாகத் தெரிந்தவர். "இன்னொரு சார் எங்க?" என்று கேட்டார். இறந்துவிட்டார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "பின்னாடி வர்றாருப்பா" என்று வந்துவிட்டது. அவர் காட்டுப் பாதையைப் பார்த்துத் தலையாட்டினார். நான் வேகமாக நடந்து அந்த இடத்தைக் கடந்தேன்.

கடற்கரையில் கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பினேன். துண்டைத் தூக்கினேன். கரை நீளத்துக்கும் என் கால் தடம் மட்டும் கிடந்தது. கை வலிக்கும்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வைதேகி போனபோதுகூட நான் இவ்வளவு தனியாக இல்லை. அந்த வருடம் பின்னால் ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டேன். வருடக்கணக்காக அந்தக் கரையில் அவர் என்னைப் பேச விட்டதில்லை. அன்று பேச எந்தத் தடையும் இல்லை. பெயரைத் தவிர வேறொன்றும் சொல்ல வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடுதி வாசலில் வந்து உட்கார்ந்தேன். அங்கேதான் கொஞ்சமாவது சிக்னல் கிடைக்கும். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். எதற்காக என்று எனக்கே தெரியவில்லை. தூரத்தில் இரண்டு குதிரைகள் ஈர மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. போன் அடித்தது. திரையில் ஆரோக்கியசாமி என்று வந்தது. இரண்டு முறை அடித்து நின்றது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இவைதான்: ஒரு துண்டு, ஒரு சட்டம், சரியாகச் சொல்ல வராத ஒரு பொய். போனில் அந்தப் பெயரை நான் மாற்றப்போவதில்லை. அன்றைக்கும் எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து நானும் இரண்டு முறை அடித்துவிட்டு நிறுத்தினேன். மேலப்புதூரில் மேரி காபி குடிக்க வேண்டும்.