தவம் அண்ணை போட்ட ரப்பர்

தவம் அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் வவுனியா பஸ் நிலையத்துக்கு முன்னால் வானை நிறுத்தி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். கைபேசியில் அவருடைய மனைவி மலர். "வரதண்ணை, இவர் போயிட்டார். விடிய எழும்பித் தேத்தண்ணி கேட்டவர். ஊத்திக்கொண்டு வாறதுக்கிடையிலை முடிஞ்சுது" என்றார். மாரடைப்பாம். நான் "ஐயோ" என்று மட்டும் சொன்னேன். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சை நினைத்துக் கூசித்தான் இதை எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்துக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி மலர் கேட்டார். "அவரோடை கன காலம் பழகினது நீங்கள்தானே" என்றார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இதை வாசிக்கிற நீங்கள் எல்லோரும் கிளிநொச்சியில் அவருடைய கராஜ் வாசலில் ஒருநாளாவது நின்றிருப்பீர்கள். வாகன ஏசி என்றால் அவர்தான். பெரிய பலகை எதுவும் இல்லை. இரண்டு வேப்பமரம், ஒரு தகரக் கொட்டில், காஸ் அளக்கிற மீற்றர், ஒரு கதிரை. அந்தக் கதிரையிலும் அவர் இருந்து நான் கண்டதில்லை.

ஒருமுறை வவுனியாவிலிருந்து ஒருவர் காரைக் கொண்டுவந்தார். மூன்று இடத்தில் காஸ் அடித்துவிட்டாராம், இன்னும் குளிரவில்லையாம். மனுசன் வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார். தவம் அண்ணை மீற்றரைத் தொடவே இல்லை. முன்பக்க மூடியைத் திறந்து, ஹீற்றருக்குச் சுடுதண்ணி போகிற குழாயைக் கையால் தடவினார். அது கொதித்தது. அடைக்க வேண்டிய வால்வு பாதி திறந்தபடி இறுகிப்போயிருந்தது. ஒரு பக்கம் ஏசி குளிரவைக்க, மறுபக்கம் ஹீற்றர் சூடாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. "எங்கட வெயிலுக்கு ஆர் ஹீற்றர் போடுறது எண்டு ஒருத்தரும் அதைப் பாக்கிறேல்லை. குளிர் வரேல்லை எண்டால் முதல் சூடு எங்கையிருந்து வருது எண்டு பாக்கோணும்" என்றார். வந்தவர் அசடு வழிய நின்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வேலையில் அவருக்குப் பகிடி பிடிக்காது.

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். ஆறு வருடமாகிறது.

ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு குடும்பம் என் வானைப் பிடித்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனது. தகப்பனுக்கு கிளினிக். தாயும் மகளும் கூட வந்தார்கள். மகளுக்குப் பெயர் கௌசி, இருபத்தொரு வயது. போகும் வழியெல்லாம் வயிற்றைக் குமட்டிச் சத்தி எடுத்துக் களைத்துப்போனாள். "தங்கச்சி, நீர் உள்ளுக்கையே படுத்திரும், நான் ஏசியைப் போட்டுவிடுறன்" என்று நான்தான் சொன்னேன். தாயும் தகப்பனும் ஆஸ்பத்திரிக்குள் போக, அவள் பின் சீற்றில் படுத்தாள். கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, நான் சாப்பிடப் போனேன். திரும்பி வர ஒன்றரை மணித்தியாலம். தாய் கதவைத் திறந்து "எழும்பு பிள்ளை" என்றார். பிள்ளை எழும்பவில்லை.

எஞ்சின் புகை என்றார்கள். சைலன்சர் குழாய் வெடித்திருந்தது. பின் சீற்று ஏசியில் ஊறுகிற தண்ணீர் வெளியே போகும் குழாய் இறங்குகிற இடத்தில், வானின் தரையில் ஒரு துளை இருக்கும். அதை இறுக்கி அடைக்க ஒரு ரப்பர் வளையம். அந்த ரப்பர் அங்கே இல்லை. புகை அந்த வழியால் ஏறியிருக்கிறது.

அதற்கு மூன்று கிழமைக்கு முன், அந்தப் பின் சீற்று ஏசியைக் கழற்றிப் பூட்டியவர் தவம் அண்ணை. மரண விசாரணையில் அவரையும் கூப்பிட்டார்கள். ஆரும் அவரைக் குற்றம் சொல்ல முதல் அவராகவே சொன்னார்: "நான்தான் கடைசியாக் கழட்டினனான் ஐயா. ரப்பரைத் திருப்பிப் போட்டனானோ எண்டு எனக்கு ஞாபகம் இல்லை." பக்கத்தில் நான் நின்றேன். என்னைக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

எனக்குத் தெரியும். ரப்பரைப் பிடுங்கியவன் நான்.

எங்கள் பக்கத்து வான்காரருக்கு விளங்கும். தண்ணீரூற்று என்கிற ஊர்ப்பக்கம் கிரவல் ரோட்டில் ஒரு கிழமை ஓடினால் போதும், செம்புழுதி போய் ஏசித் தண்ணீர்க் குழாயை அடைத்துவிடும். தண்ணீர் ஆட்களின் காலில் சொட்டும், அவர்கள் முறைப்பார்கள். குழாயைக் கழற்றிக் கழுவ அரைநாள் வேணும். குழாயை விட்டு ரப்பரை மட்டும் பிடுங்கி எறிந்தால், வழிகிற தண்ணீர் துளையால் நேரே ரோட்டில் விழும், இரண்டு நிமிட வேலை. எத்தனையோ பேர் செய்வது, நானும் செய்தேன். பயணத்துக்கு இரண்டு நாள் முந்தி பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன். சைலன்சர் இரைவதும் கேட்டது. வெல்டிங் கடைக்குப் பிறகொரு நாள் போவோம் என்று விட்டேன். தவம் அண்ணை ரப்பரைச் சரியாகத்தான் போட்டிருந்தார். பிடுங்கும்போது கை நோகிற அளவுக்கு இறுக்கமாக இருந்தது.

அண்ணையின் பெற்றோர் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அதை ஏன் சொல்கிறேன் என்றால், சனம் அதையும் பிடித்துக்கொண்டது. தேத்தண்ணிக் கடையில் ஒருவர் "தோட்டத்துப் பக்கத்து ஆள்தானே, உவைக்கு வேலையிலை கவனம் வராது" என்றார். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர்க்கதை எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அது நடந்தது.

நாலு மாதம் தவம் அண்ணை கராஜைத் திறக்கவில்லை. திறந்த பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. எந்த வாகனத்தின் வேலை முடிந்தாலும், கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, பின் சீற்றில் தான் போய் அரை மணித்தியாலம் படுப்பார். புகையில் தலையிடித்தால் அந்த வாகனம் கராஜை விட்டு வெளியே போகாது. சாரதிமார் பகிடி பண்ணுவார்கள்: "தவம் அண்ணைக்குக் குளிரிலை நல்ல நித்திரை!" மலர் மட்டும் வெளியில் நின்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் கண்ணாடியில் தட்டுவார். உள்ளேயிருந்து கை அசைந்தால்தான் சமையலைப் பார்க்கக் குசினிக்குப் போவார்.

வருடா வருடம் அண்ணை கௌசியின் திவசத்துக்கு ஸ்கந்தபுரம் போவார். முதல் வருடம் தகப்பன் படலையைத் திறக்கவில்லை. வெயிலில் நின்றுவிட்டு வந்தார். மூன்றாம் வருடம் தாய் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாராம். அதை அண்ணையே என்னிடம் சொன்னார். "குடிக்கேலாமல் போச்சு வரதன்" என்றார். "நீயும் ஒருக்கால் வாவன்" என்று கேட்டார். ஹயர் ஓட்டம் இருக்கிறது என்றேன்.

இறப்பதற்கு ஒரு கிழமைக்கு முன், அவருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன், சத்தியமாக. கட்டிலில் சாய்ந்திருந்தார், முகம் வீங்கியிருந்தது. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வரதன், அந்த ரப்பர். போட்டனான் எண்டுதான் கை சொல்லுது. அழுத்தினது விரலிலை இருக்கு. மனம்தான் ஓம் எண்டு சொல்லுதில்லை." வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மலர் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்தார். சோறும் மீன்குழம்பும். சாப்பிட்டேன். கை கழுவினேன். "பிறகு வாறன் அண்ணை" என்று சொல்லி எழும்பினேன்.

இதுவரை உள்ளதை எழுதி, அச்சுக்குக் கொடுக்க முதல், மலருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை அசையாமல் கேட்டார். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. பிறகு கேட்டார்.

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டோ எங்கட வீட்டிலை சோறு திண்டனீங்கள்?"

தாள்களை மடிக்கப் போன என்னை மலர் தடுத்தார்.

"ஒரு சொல்லும் வெட்டாமல் அப்பிடியே போடுங்கோ. உங்கட பெயரையும் போடுங்கோ. ஸ்கந்தபுரத்துக்கு முதல் புத்தகத்தை நீங்கள்தான் கொண்டுபோய்க் குடுக்கோணும். முப்பத்தோராம் நாளுக்கு வராதேங்கோ."

ஆகவே இன்று உங்கள் கையில் இந்தப் புத்தகம் இருக்கும்போது நான் உங்களோடு இல்லை. அவரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்: தவம் அண்ணை என்ற தவராசா தன் வேலையைச் சரியாகச் செய்தார். அந்தப் பிள்ளை செத்தது என்னால்.

இந்த ஆறு வருடத்தில் அவர் ஒருநாளும் என்னிடம் "நீ கழட்டினனியோ?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவருக்கு அந்தக் கேள்வி வரவே இல்லை. முப்பது வருடம் பழுதில்லாமல் வேலை செய்த தன் கையைச் சந்தேகப்பட்டார், என்னைச் சந்தேகப்படவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

வரதன், வான் சாரதி, கிளிநொச்சி